முறிவும் கூடலும் – 9: தோல் இடம் கொடுக்கும்வரை

2019 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் எவர்டனுக்கும் டோட்டன்ஹாமுக்கும் கால்பந்தாட்டம். எவர்டனின் ஆந்த்ரே கோமெஸ் கீழே விழுந்தபோது அவருடைய வலது பாதம் இருக்க வேண்டிய திசையில் இல்லை. கணுக்கால் எலும்பு முறிந்து, மூட்டும் விலகியிருந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை நடந்தது. 112 நாட்கள் கழித்து, ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் மீண்டும் களம் இறங்கினார்.

இதே முறிவோடு பைக்கிலிருந்து விழுந்து வரும் ஒருவரிடம், "வீக்கம் வடியட்டும், ஒரு வாரம் பொறுங்க" என்று மருத்துவர் சொன்னால் வீட்டார் பதறிப்போகிறார்கள். எலும்பு உடைந்து கிடக்கிறது, எக்ஸ்-ரேயில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிகிறது, இதில் எதற்காகப் பொறுப்பது? சென்ற வாரம் பேசிய இடுப்பு எலும்பு முறிவில் அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்று படித்தவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூடும்.

கணுக்காலில் நேரத்தைத் தீர்மானிப்பது எலும்பு அல்ல, தோல். தொடையிலும் இடுப்பிலும் எலும்பைச் சுற்றித் தடிமனான சதை உண்டு. கணுக்காலின் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புகள்மேல் மெல்லிய தோலைத் தவிர அநேகமாக எதுவும் கிடையாது. அடிபட்ட முதல் சில மணி நேரம் காணும் வீக்கம் பெரும்பாலும் கசிந்து தேங்கிய ரத்தம். அதற்குள் திறந்தால் அதை வெளியேற்றிவிட்டுத் தோலைச் சிரமமின்றி மூடலாம். நேரம் போகப் போகத் திசுக்களுக்குள்ளேயே நீர் கோத்துக்கொள்கிறது. தோல் இறுகிப் பளபளக்கும். ஓரிரு நாட்களில் கொப்புளங்கள் கிளம்பும். தெளிந்த நீர் நிரம்பிய கொப்புளத்தைவிட ரத்தம் நிரம்பியது ஆபத்தானது, அங்கே சேதம் ஆழமாக இறங்கியிருக்கிறது. அந்தத் தோலில் கத்தி வைத்தால் தையல் கூடாது. காயம் பிளந்து உள்ளே வைத்த பிளேட் வெளியே தெரியும், கிருமி உலோகத்தில் குடியேறும். முறிவைவிடப் பெரிய துன்பம் அது.

ஆகவே கிடைப்பது இரண்டு வாய்ப்புகள். வீக்கம் முற்றுவதற்கு முன்பே முடித்துவிடுவது ஒன்று. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறுவை சிகிச்சை தேவைப்படும் கணுக்கால் முறிவுகளை அன்றோ மறுநாளோ செய்வதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. அது தவறினால், வீக்கம் வடியும்வரை காத்திருப்பது. வழக்கமாக ஐந்து முதல் பத்து நாள், சிலருக்கு இரண்டு வாரம். வடிந்துவிட்டதா என்று பார்க்க நவீனக் கருவி எதுவும் வேண்டாம். தோலை மெல்லக் கிள்ளும்போது சுருக்கம் விழுந்தால் போதும், நாள் குறித்துவிடலாம்.

காத்திருப்பது என்றால் காலை அப்படியே விட்டுவைப்பதல்ல. விலகிய மூட்டை உடனே இழுத்து நேராக்கி, பாதிச் சுற்று மாவுக்கட்டில் வைக்க வேண்டும். முழங்காலை மடக்கிக்கொண்டால் கெண்டைத் தசை தளர்ந்து இந்த வேலை எளிதாகும். காலை மடக்கித் தசையைத் தளர்த்தும் இந்த உத்தியை 18-ஆம் நூற்றாண்டிலேயே வலியுறுத்தியவர் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட். கணுக்கால் முறிவுக்கே அவர் பெயர் வழங்கிவருகிறது. 1756-ல் குதிரையிலிருந்து விழுந்து அவருடைய கால் எலும்பே தோலைக் கிழித்து வெளியே வந்தது. கண்ட வண்டியில் தூக்கிப்போட அவர் சம்மதிக்கவில்லை. ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் கழிகளைப் பொருத்தி, ஆட்கள் சுமக்க வீடு சேர்ந்தார். காலை வெட்டி எடுக்க ஏற்பாடாகிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்த அவருடைய ஆசிரியர் எட்வர்ட் நோர்ஸ், காலைக் காப்பாற்ற முடியும் என்று தடுத்தார். கால் பிழைத்தது. அடிபட்டவரை எப்படித் தூக்குவது என்பதில் பாட் காட்டிய கவனம் இன்றைய நெடுஞ்சாலைகளில் அருகிவிட்டது.

எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கு இந்த ஒரு வாரப் பேச்சு பொருந்தாது. ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும், காயத்தை அன்றே கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். 2020 அக்டோபரில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாக் பிரெஸ்காட்டுக்கு இப்படி நேர்ந்தபோது அன்றிரவே அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். இழுத்தும் அமராத மூட்டு, ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குளிர்ந்துபோன பாதம் ஆகியவையும் காத்திருக்காது. சில நேரம் நடுவழியாக, வெளியே கம்பிச் சட்டம் பொருத்தி எலும்பை நிலைநிறுத்திவிட்டு, தோல் தேறிய பிறகு பிளேட் வைப்பார்கள்.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. இரண்டு மூன்று வாரம் தாண்டினால் முறிந்த முனைகளில் புது எலும்பு முளைக்கத் தொடங்கிவிடும், துண்டுகளைப் பழைய இடத்தில் உட்கார வைப்பது பெரும்பாடு. தச்சர் வெட்டிய துளையில் கழுந்து அமர்வதுபோல் கச்சிதமாக அமைய வேண்டிய மூட்டு இது. உள்ளிருக்கும் எலும்பு வெளிப்பக்கம் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே, மூட்டுப் பரப்புகள் ஒன்றையொன்று தொடும் பகுதி சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று 1976-ல் ஆய்வாளர்கள் ராம்சேயும் ஹாமில்டனும் காட்டினார்கள். மூட்டு தேய அது போதும்.

நாட்கள் கழிவது தோலுக்காகத்தானா, அரங்கு கிடைக்காததாலா என்பதை நோயாளி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அது அவருடைய உரிமை. அந்த நாட்களில் கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். எண்ணெய் தேய்த்து உருவுவதும், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதும் தோலை இன்னும் புண்ணாக்கி, அறுவை நாளைத் தள்ளிப்போடும். சர்க்கரை நோயாளிக்குப் பாத உணர்வு மங்கியிருந்தால் கட்டு அழுத்துவதே தெரியாது. அவர் காலை வீட்டார்தான் தினமும் பார்க்க வேண்டும்: விரல்கள் நீலமாகின்றனவா, தொட்டால் சூடு இருக்கிறதா, வலி மருந்துக்கும் அடங்காமல் ஏறுகிறதா என்று.