வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிள்: வாங்குமுன் அறிய வேண்டியவை

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரும், முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டோரும், சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோரும் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டிலேயே மிதிக்கும் சைக்கிள் வாங்கலாமா? எதை வாங்குவது?" பணத்தைச் செலவிடுமுன் நோயாளியும் குடும்பத்தினரும் சேர்ந்து சிந்திக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துள்ளோம்.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு தேவை என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நாளொன்றுக்கு அரை மணி வீதம் ஐந்து நாட்கள் போதும். நடப்பதே எளிய வழி. ஆயினும் சேலத்திலும் நாமக்கல்லிலும் ஏப்ரல், மே மாத வெயில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கிறது. லாரிகள் விரையும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் முதியவர் நடக்கத் தக்க ஓரம் கிடைப்பது அரிது. இத்தகையோருக்கு வீட்டுச் சைக்கிள் நல்ல துணை.

இது புதிய கருவியும் அன்று. டென்மார்க்கைச் சேர்ந்த உடலியல் அறிஞர் ஆகஸ்ட் க்ரோக், உடலுழைப்பைத் துல்லியமாக அளப்பதற்கென ஒரு நிலைச் சைக்கிளை 1913-இலேயே வடிவமைத்து விளக்கினார். உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால் மூட்டின் சுமை குறைகிறது. உழைப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டவும் முடிகிறது. மருத்துவமனைகள் இதை விரும்புவதற்கு இவ்விரண்டுமே காரணம்.

முதலில் மருத்துவர் அனுமதி

மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் ஆகியவற்றுக்குப் பின் எப்போது தொடங்கலாம், எவ்வளவு மிதிக்கலாம் என்பதை இதய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். குடலிறக்கம், மூலம், புராஸ்டேட் ஆகியவற்றுக்கு அண்மையில் அறுவை செய்துகொண்டோர் புண் ஆறும்வரை காத்திருத்தல் நலம். முழங்கால் அறுவைக்குப் பின் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதே அளவுகோல். மிதியை ஒரு முழுச் சுற்று சுற்ற, முழங்கால் ஏறத்தாழ 110 டிகிரி மடங்க வேண்டியிருக்கும். அதுவரை முன்னும் பின்னுமாக அரைச் சுற்று ஆட்டுவதே பயிற்சி. வலியைப் பொறுத்துக்கொண்டு சுற்ற முயல்வது தீங்காகும்.

இருக்கும் சைக்கிளுக்கு டிரெய்னரா, தனி வண்டியா?

சொந்தச் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தாங்கி நிறுத்தி, உருளையொன்றின் மீது சுழலவிடும் கருவியையே டிரெய்னர் என்கின்றனர். விலை மிகுந்த மற்றொரு வகையில், பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேராகக் கருவியிலேயே மாட்டுவர். கியர் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு இவை பொருந்தும். ஏற்காட்டு மலைச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ, கொல்லிமலையின் 70 வளைவுகளையோ ஏற விரும்புவோர் மழைக்காலத்திலும் பயிற்சியைத் தொடரலாம்.

நம் வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் கேரியரும் ஸ்டாண்டும் கொண்ட சாதாரணச் சைக்கிள். அதன் பின்அச்சும் நட்டும் பல டிரெய்னர்களின் பிடியில் சரியாக அமர்வதில்லை. நோயாளி ஏறி இறங்க, உயரமான குறுக்குக் கம்பியைத் தாண்டவும் வேண்டும். ஆகவே நோயிலிருந்து மீள்வோருக்குத் தனியான உடற்பயிற்சிச் சைக்கிளே ஏற்றது எனக் கருதுகிறோம்.

எவருக்கு எது?

நிமிர்ந்து அமரும் சாதாரண வகை பெரும்பாலோர்க்குப் போதுமானது. முதுகைச் சாய்த்துக் கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வகை, பக்கவாதத்தால் சமநிலை குன்றியவர்க்கும் முதுகுவலி உடையோர்க்கும் பாதுகாப்பானது. அதற்கு இடமும் விலையும் கூடுதல். நாற்காலியில் அமர்ந்தபடி மிதிக்கும் சிறு கருவி, மிகவும் தளர்ந்தவர்களுக்குத் தொடக்கமாக அமையும். ஸ்பின் பைக்கை முதியோருக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பல ஸ்பின் பைக்குகளில் நாம் நிறுத்த முயன்றாலும் மிதிகள் சுழன்றுகொண்டே இருக்கும். கால் சிக்கினால் காயம் நேரும்.

கடையில் பார்க்க வேண்டியவை

நோயாளியையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். கீழ்க்கண்டவற்றைச் சோதித்த பின்பே விலை பேசுங்கள்.

• வண்டி தாங்கும் எடை, நோயாளியின் எடையைவிடப் போதிய அளவு கூடுதலாக இருக்க வேண்டும்.
• இருக்கை உயரத்தை மாற்ற இயல வேண்டும். மிதி அடியில் இருக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருப்பதே சரியான உயரம். இருக்கை தாழ்ந்தால் மூட்டு கூடுதலாக மடங்கி வலிக்கும்.
• காந்த விசையால் இறுக்கம் தரும் வகை ஓசையின்றி இயங்கும். பட்டை உராயும் வகை மலிவானது, பட்டை தேயும்.
• வீட்டில் குழந்தைகள் இருப்பின் சக்கரமும் சங்கிலியும் முழுதும் மூடப்பட்ட வண்டியையே வாங்குங்கள். சுழலும் சக்கரம் சிறு விரல்களுக்குப் பேராபத்து.
• பழுது பார்ப்பவர் உங்கள் ஊருக்கு வருவாரா எனக் கேளுங்கள்.

திரையில் தெரியும் கலோரிக் கணக்கு ஏறத்தாழ ஒரு மதிப்பீடே. அதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

மிதிக்கும்போது

தகரக் கூரையின் கீழ் நண்பகலில் மிதிக்க வேண்டாம். காலையில், சாளரத்தைத் திறந்து, மின்விசிறியின் எதிரே மிதியுங்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். மிதித்தபடியே பேச முடிய வேண்டும். பேச்சுக்கு மூச்சு முட்டினால் வேகம் அதிகம் என்று பொருள். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து உண்போருக்குத் திரையிலுள்ள நாடித்துடிப்பு எண் சரியான வழிகாட்டி அன்று. மேற்சொன்ன பேச்சுச் சோதனையே உகந்தது.

இன்சுலின் போடுவோர் வெறும் வயிற்றில் மிதிக்கலாகாது. சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு ஏறுங்கள், இனிப்பை அருகில் வைத்திருங்கள். பாத உணர்ச்சி குறைந்தோர் மூடிய காலணி அணிந்து, முடித்தபின் பாதங்களில் கொப்புளம் உண்டா எனப் பாருங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை தோன்றினால் உடனே நிறுத்துங்கள். வலி தணியாவிடில் 108-ஐ அழையுங்கள்.

வாங்கிய மூன்றாம் மாதம் துணி காயப்போடும் கொடியாக மாறிவிடும் சைக்கிள்கள் பல. அதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. வாங்குமுன் எங்கள் பிரிவிலுள்ள சைக்கிளில் சில நாட்கள் மிதித்துப் பாருங்கள். உடல் ஏற்கிறதா, மனம் விரும்புகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். பிடிக்கவில்லையெனில் நடைப்பயிற்சிக்கு நேரம் ஒதுக்குங்கள். அதனால் கிடைக்கும் பயன் எவ்வகையிலும் குறைந்ததன்று. பிடித்திருந்தால், கடையில் பார்த்த வண்டியின் படத்தை எங்களிடம் காட்டுங்கள். உங்கள் உடல்நிலைக்கு அது பொருந்துமா என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.