எருசலேமின் வீழ்ச்சியும் தாவீதுக்குத் தந்த வாக்கும்

கி.மு. 586ஆம் ஆண்டளவில் பாபிலோனியப் படை எருசலேமின் மதிலை உடைத்து, சாலொமோன் கட்டிய ஆலயத்தைத் தீக்கிரையாக்கியது. அரசன் சிதேக்கியாவின் கண்முன்னே அவனுடைய மகன்கள் கொல்லப்பட்டனர். பிறகு அவன் கண்கள் குருடாக்கப்பட்டு, விலங்கிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். நாட்டையும் ஆலயத்தையும் இழந்த யூதா மக்களை அதைவிட ஆழமாக ஒரு கேள்வி உலுக்கியது: கடவுள் கொடுத்த வாக்கு என்னவாயிற்று?

அந்த வாக்கு சாமுவேலின் இரண்டாம் நூல் ஏழாம் அதிகாரத்தில் உள்ளது. தாவீதின் சிங்காசனம் என்றென்றும் நிலைத்திருக்கும் என்று நாத்தான் தீர்க்கதரிசி அறிவிக்கிறார். வாரிசுகள் தவறு செய்தால் தண்டனை உண்டு. ஆனால் கடவுளின் கிருபை அவர்களை விட்டு விலகாது. இராஜாக்களின் நூல்களிலோ இதே வாக்கு நிபந்தனையோடு வருகிறது. சாலொமோனும் அவன் சந்ததியாரும் கட்டளைகளைக் கைக்கொள்ளாவிட்டால் நாடும் ஆலயமும் பறிபோகும் என்று எச்சரிக்கப்படுகிறது. இவ்விரண்டு குரல்களில் ஒன்றை நீக்கி மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள, இந்நூல்களைத் தொகுத்தவர்கள் முயலவில்லை.

மக்கள் முதல் குரலையே பற்றிக்கொண்டதற்கு வரலாறும் துணைநின்றது. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின் பல நகரங்களைப் பிடித்தும், எருசலேம் அவன் கையில் விழவில்லை. ஆலயம் இருக்கும்வரை நகரத்துக்கு அழிவில்லை என்ற எண்ணம் வேரூன்றியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் எரேமியா தீர்க்கதரிசி ஆலய வாசலில் நின்று அந்த எண்ணத்தை உடைத்துப் பேசினார். திக்கற்றவரையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு ஆலயத்துக்குள் அடைக்கலம் தேடுவது வீண். முன்பு சீலோவில் இருந்த வழிபாட்டிடத்துக்கு நேர்ந்ததைப் போய்ப் பாருங்கள் என்றார். அதற்காக அவரைக் கொல்லத் துணிந்தார்கள்.

எரேமியாவின் வாதத்துக்கு அடிப்படை, கடவுள் இஸ்ரவேல் மக்களோடு செய்த உடன்படிக்கையே. உபாகமம் 28ஆம் அதிகாரம் கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதத்தையும், மீறினால் முற்றுகையையும் சிறையிருப்பையும் பட்டியலிடுகிறது. அவ்வகையில் பார்த்தால், தண்டிப்பதும் சொன்ன சொல்லைக் காப்பதே. நியாயத்தீர்ப்பு வாக்குறுதிக்கு எதிரானதன்று, அதன் ஒரு பகுதி என்பதே இந்நூல் தரும் விளக்கம்.

இந்த விளக்கத்தால் எல்லோரும் அமைதியடைந்துவிடவில்லை. 89ஆம் சங்கீதத்தின் முற்பகுதி தாவீதுக்குக் கொடுத்த வாக்கை விரிவாகப் புகழ்கிறது. பிற்பகுதி கடவுளே அந்த உடன்படிக்கையைத் தள்ளிவிட்டதாக முறையிடுகிறது. ஆணையிட்டுச் சொன்ன கிருபை எங்கே என்று நேரடியாகக் கேட்கிறது. புலம்பல் நூலின் கவிதைகள் ஐந்து. மக்களின் பாவத்தை ஒப்புக்கொள்ளும் அதே நூல், பசியால் மடியும் குழந்தைகளைக் காட்டி, தண்டனையின் அளவையும் கேள்விக்குள்ளாக்குகிறது. அதன் நடுவே, மூன்றாம் அதிகாரத்தில், காலைதோறும் புதிதாகும் இரக்கத்தைப் பற்றிய நம்பிக்கை எழுகிறது. ஆனாலும் நூல் கைவிடப்பட்டோமோ என்ற அச்சத்தோடுதான் முடிகிறது. எனவே யூத ஜெப ஆலயங்களில் இதை வாசிக்கும்போது, மீட்பை வேண்டும் கடைசிக்கு முந்தைய வசனத்தைத் திரும்பச் சொல்லி முடிப்பது மரபு.

அழிவு நெருங்கிய நேரத்திலேயே நம்பிக்கையின் குரலும் எழுந்தது. முற்றுகையின்போது காவலில் இருந்த எரேமியா, ஆனதோத் ஊரில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கிப் பத்திரத்தைப் பத்திரப்படுத்தினார். அந்நாட்டில் மீண்டும் நிலம் கைமாறும் என்பதே அதன் பொருள். பழைய உடன்படிக்கையை மக்கள் முறித்தார்கள். இனி இருதயத்தில் எழுதப்படும் புதிய உடன்படிக்கை வரும் என்றும் அவர் அறிவித்தார். எசேக்கியேல் தீர்க்கதரிசி இன்னும் கடுமையானவர். மக்களின் தகுதிக்காக அல்ல, தம் பெயரின் பரிசுத்தத்துக்காகவே கடவுள் அவர்களை மீட்பார் என்கிறார்.

கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். அவன் அனுமதியோடு சிறைப்பட்டோரில் பலர் திரும்பினர், கி.மு. 515இல் புதிய ஆலயம் கட்டி முடிந்தது. தாவீதின் சிங்காசனம் மட்டும் மீளவில்லை. ஆகவே வாக்கு பொய்த்துப்போனதாகக் கொள்ளாமல், இன்னும் நிறைவேறவேண்டியதாகவே பிந்தைய தலைமுறைகள் வாசித்தன. தாவீதின் வழியில் ஓர் அரசர் வருவார் என்ற யூதர்களின் மேசியா எதிர்பார்ப்பு இதிலிருந்து வளர்ந்தது. அவ்வாக்கு இயேசுவில் நிறைவேறியதாகக் கிறிஸ்தவர்கள் நம்பினர். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9 முதல் 11 வரையான அதிகாரங்களில், இஸ்ரவேலைக் கடவுள் தள்ளிவிட்டாரா என்ற பழைய கேள்வியை மறுபடி எடுத்து, இல்லை என்று வாதிடுகிறார். ஆனால் கடவுளின் வழிகள் ஆராய்ந்து முடியாதவை என்ற வியப்போடுதான் அந்த வாதத்தை நிறுத்துகிறார்.