எண்ணிக்கையும் பங்கேற்பும்: கல்வியியல் கல்லூரி நிருவாகத்தில் ஆசிரியர்களின் இடம்

முன்னுரை

கல்வியியல் இளவல் பட்ட வகுப்பில் பயிலும் மாணவர்கள் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைப் பாடமாகக் கற்கின்றனர். அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களுள் நான்கில் மூன்று பங்கினரேனும் பெற்றோர் அல்லது காப்பாளராக இருத்தல் வேண்டும் என்கிறது. ஒரு நிறுவனத்தின் முடிவுகளில் அதனோடு தொடர்புடையோர் பங்கேற்க வேண்டும் என்பது இதன் அடிப்படைக் கருத்து. இதனைக் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தம் கல்லூரியின் முடிவுகளில் உள்ள இடம் யாது? இவ்வினாவைத் தமிழ்நாட்டின் கல்வியியல் கல்லூரிகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

மூவகை அதிகாரம்

கல்வியியல் கல்லூரியின் நிருவாகத்தில் மூன்று அதிகாரங்கள் சந்திக்கின்றன. முதலாவது, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். 1993இல் இயற்றப்பெற்று 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்வழி இக்குழுமம் அங்கீகாரம் வழங்குகிறது. அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு, போதிய நிதி, இடவசதி, நூலகம், தகுதியுடைய ஆசிரியர்கள், ஆய்வகம் ஆகியவற்றை அங்கீகாரத்திற்குரிய தேவைகளாகக் குறிப்பிடுகிறது. அங்கீகாரம் இல்லாத நிறுவனத்திற்குப் பல்கலைக்கழகம் இணைவு வழங்கலாகாது என்பது 16ஆம் பிரிவு.

இரண்டாவது, இணைவளிக்கும் பல்கலைக்கழகம். முன்னர்ச் சென்னை, மதுரை காமராசர், பாரதியார் முதலான பொதுப் பல்கலைக்கழகங்களின்கீழ் இயங்கிய கல்வியியல் கல்லூரிகள், 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தோற்றுவிக்கப்பட்ட பின்னர் அதன்கீழ் வந்தன. பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் இதன் பொறுப்புகள்.

மூன்றாவது, கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை அல்லது சங்கம். 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், முதல்வரும் இடம்பெறும் கல்லூரிக் குழு ஒன்றினை வகுத்து, ஆசிரியர் நியமனம், ஒழுங்கு நடவடிக்கை முதலானவற்றை அதனிடம் ஒப்படைக்கிறது.

முதலிரண்டு அதிகாரங்களுக்கு இடையிலான எல்லையை உச்ச நீதிமன்றம் மகாராட்டிர மாநிலத்திற்கும் சந்த் ஞானேசுவர் சிட்சண் சாசுத்திர மகாவித்தியாலயத்திற்கும் இடையிலான வழக்கில் 2006இல் தெளிவுபடுத்தியது. குழுமம் அங்கீகாரம் அளித்த பின்னர், மாநில அரசு தன் கொள்கை முடிவைக் காரணம் காட்டி அதற்குத் தடையாக நிற்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நிறுவனத்தைத் தொடங்கும் அதிகாரம் யாருடையது என்னும் சிக்கல் இவ்வாறு நீதிமன்றம் வரை சென்று தீர்வு பெற்றது. தொடங்கிய நிறுவனத்தினுள் ஆசிரியர் எவற்றை முடிவு செய்யலாம் என்னும் வினா இத்தகைய கவனத்தைப் பெறவில்லை.

பதினாறு என்னும் எண்

குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் ஓராண்டுப் படிப்பை ஈராண்டாக்கின. ஆண்டொன்றுக்கு 50 மாணவர் கொண்ட இரு அலகுகளைச் சேர்க்கும் கல்லூரியில் ஈராண்டுக்கும் சேர்த்து 200 மாணவர் இருப்பர். அதற்கு 16 முழுநேர ஆசிரியர்கள் தேவை என அவ்விதிமுறைகள் வரையறுத்தன: முதல்வர் 1, கல்வியியல் அடிப்படைப் பாடங்களுக்கு 4, கற்பித்தல் முறைப் பாடங்களுக்கு 8, உடற்கல்விக்கு 1, நுண்கலைக்கு 1, நிகழ்த்துகலைக்கு 1. அங்கீகாரம் பெறும் வழியில், இணைவளிக்கும் அமைப்பு ஒப்புதல் அளித்த ஆசிரியர் பட்டியலைக் கல்லூரி அளிக்க வேண்டும்.

இதே விதிமுறைகள் மேலாண்மைக் குழுவில் ஆசிரியர் பிரதிநிதித்துவத்தையும் குறிப்பிடுகின்றன. ஆயினும் இரண்டிற்கும் இடையே வேறுபாடு உண்டு. எண்ணிக்கை குறைந்தால் அங்கீகாரத்திற்கே இடர் நேரலாம். ஆகவே பட்டியல் கண்காணிக்கப்படுகிறது. பிரதிநிதி எத்தகைய பொருள்களில் கருத்துரைத்தார், அது எவ்வாறு ஏற்கப்பட்டது என்பவற்றைப் பட்டியல் காட்டாது. ஆய்வுக்கு வரும் குழு சரிபார்க்கத்தக்கது பெயரும் தகுதியும் ஆகும். பங்கேற்பு அவ்வாறு எளிதில் சரிபார்க்கத்தக்கதன்று.

துறைகள் உருவாகாத கல்லூரி

கல்வியியல் கல்லூரியின் அமைப்பும் இந்நிலைக்குக் காரணமாகிறது. கலை அறிவியல் கல்லூரியில் ஒரு பாடத்திற்குப் பல ஆசிரியர்கள் இருப்பதால் துறை உருவாகிறது. துறைத்தலைவர் முதல்வருக்கும் ஆசிரியருக்கும் இடைநிலையாகச் செயற்படுகிறார். கல்வியியல் கல்லூரியிலோ எட்டுக் கற்பித்தல் முறை ஆசிரியர்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் எனப் பிரிந்து நிற்பர். ஒரு பாடத்திற்கு ஒருவர் அல்லது இருவர் என்னும் நிலையில் துறை என்பது பெயரளவினதே. இடைநிலை அமைப்பு இல்லாதபோது முடிவுகள் இயல்பாகவே முதல்வரிடமும் நிருவாகத்திடமும் குவிகின்றன. இதனைத் தனிமனிதரின் இயல்போடு மட்டும் இணைத்துப் பார்த்தல் பொருந்தாது.

பள்ளிக் கற்பித்தல் பயிற்சி: ஓர் எடுத்துக்காட்டு

இக்குவிப்பின் விளைவைக் கற்பித்தல் பயிற்சியில் காணலாம். ஈராண்டுப் படிப்பில் 20 வாரங்கள் பள்ளிப் பயிற்சிக்குரியவை. அவற்றுள் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டில் அமைகின்றன. இதற்கு 90 விழுக்காடு வருகை கட்டாயம். நூறு மாணவர்களை எட்டு முறைப்பாட ஆசிரியர்களிடையே பகிர்ந்தால் ஒருவருக்குச் சராசரியாகப் பன்னிரண்டு அல்லது பதின்மூவர் வருவர். மாணவர்கள் எல்லாப் பாடங்களிலும் சமமாகச் சேர்வதில்லை. ஆதலால் ஒருவருக்கு இருபதும் மற்றொருவருக்கு ஐந்தும் அமையக்கூடும்.

எப்பள்ளிக்கு எவரை அனுப்புவது, ஒரு மாணவரின் வகுப்பை எத்தனை முறை பார்வையிடுவது, பாடக்குறிப்பேட்டை எப்போது திருத்துவது ஆகியவை கல்விசார் முடிவுகள். பார்வையிடும் ஆசிரியரைக் கலக்காமல் இப்பட்டியல் உருவானால், இருபது மாணவர்களைப் பெற்றவர் வருகைப் பதிவில் கையொப்பமிடுவதோடு நிற்க நேரிடும். அகமதிப்பீட்டு மதிப்பெண் வழங்கப்படும். கற்பித்தல் திருத்தம் பெறாது. இழப்பு அம்மாணவரோடு முடிவதன்று; அவர் பின்னர்க் கற்பிக்கப்போகும் வகுப்பறைக்கும் அது செல்கிறது.

இவ்விடத்தில் புதிய சட்டம் தேவையில்லை. பயிற்சி தொடங்குமுன் பதினாறு ஆசிரியர்களும் கூடிப் பள்ளிப் பங்கீடு, பார்வையிடும் அட்டவணை, மதிப்பீட்டு அளவுகோல் ஆகியவற்றை முடிவு செய்து கூட்டக் குறிப்பில் பதிவு செய்யலாம். ஆசிரியர்களை நெகிழ்வாகப் பயன்படுத்திக்கொள்ள விதிமுறைகளே இடமளிப்பதால், அடிப்படைப் பாட ஆசிரியர் நால்வரும் பார்வையிடலில் பங்கேற்கலாம். அவ்வாறாயின் சராசரி எட்டு அல்லது ஒன்பதாகக் குறையும். கருத்து வேறுபாடும் குறிப்பில் இடம்பெறுமாயின், மேலாண்மைக் குழுவில் அமரும் ஆசிரியர் பிரதிநிதிக்கு எடுத்துரைக்க ஆவணம் ஒன்று கிடைக்கும்.

முடிவுரை

அங்கீகாரம், இணைவு, நியமனம் ஆகியவை கல்வியியல் கல்லூரி ஆசிரியரின் கைக்கு அப்பாற்பட்டவை. பயிற்சித் திட்டம், கால அட்டவணை, அகமதிப்பீடு ஆகியவை அவர் கைக்கு எட்டுபவை. எட்டும் இடங்களில் கூட்டாக முடிவெடுத்துப் பதிவு செய்யும் வழக்கம் நிலைபெற வேண்டும். பல்கலைக்கழகத்தின் இணைவு ஆய்வில் ஆசிரியர் பட்டியலுடன் இக்கூட்டக் குறிப்புகளும் பார்வைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டால் அவ்வழக்கம் வலுப்பெறும். பள்ளி மேலாண்மைக் குழுவைப் பாடமாகக் கேட்கும் மாணவர், அதன் பொருளைத் தம் ஆசிரியர்களின் செயலிலும் கண்டறிய அது வழிசெய்யும்.