ஜெட் புகையின் மின்னேற்றம்

அரக்கோணத்தில், 1992 ஆம் ஆண்டு முதல் நம் கடற்படையின் ராஜாளி விமான தளம் இயங்கி வருகிறது. சமுத்திரத்தின்மேல் நெடுநேரம் சுற்றிக் காவல் புரியும் பி-8ஐ விமானங்கள் 2013 முதல் அங்கிருந்து புறப்பட்டுச் செல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டே ஜெட் யந்திரங்கள். கரை கண்ணுக்கெட்டாத இடத்தில் அவற்றுள் ஒன்று பழுதுபடுவதன் அபாயத்தை எண்ணிப் பார்ப்போருக்கு, பழுது முற்றுமுன் அதனை அறியும் உபாயங்களில் விஞ்ஞானிகள் இத்தனை சிரத்தை கொண்டிருப்பதன் காரணம் விளங்கும்.

யந்திரத்தின் அதிர்வையும், வெளிவரும் வாயுவின் உஷ்ணத்தையும், மசகெண்ணெயில் கலந்துவரும் உலோகத் துகள்களையும் பரிசோதிப்பது நெடுநாளைய வழக்கம். ஆனால் எண்ணெய் சென்று எட்டாத எரி அறையிலும் டர்பைன் தகடுகளிலும் நேரும் சேதத்தை அவ்வெண்ணெய் எங்ஙனம் தெரிவிக்கும்? லாரி மெக்கானிக் புகையின் நிறத்தைக் கண்டே என்ஜினின் நிலையைச் சொல்வதுபோல, அவ்விடங்களைக் கடந்துவரும் புகையைத்தான் ஆராய வேண்டும். ஜெட் புகையில் அவ்விதம் ஆராயத்தக்கது அதன் மின்னேற்றம்.

எரிபொருள் எரிகையில் அயனிகள் உண்டாகி, அவற்றுட் சில கரித்துகள்களில் ஒட்டிக்கொள்வதால், பழுதற்ற யந்திரத்தின் புகையிலும் ஓரளவு மின்னேற்றம் இருக்கவே செய்யும். சுழலும் தகட்டின் நுனி உறையோடு உராய்ந்தாலோ, எரி அறையின் உட்சுவர் அரிபட்டு உதிர்ந்தாலோ, அப்போது பிறக்கும் உலோகத் துணுக்குகள் தத்தம் மின்னேற்றத்தோடு அப்பிரவாகத்தில் கலக்கின்றன. புகைவழியின் சுவரில் மின்காப்போடு பதித்த மின்வாயின் அருகே அத்தகைய துணுக்கொன்று பறந்து செல்கையில், அதனைத் தொடாமலே, எதிரின மின்னேற்றத்தை அதில் தூண்டிவிடுகிறது. கணநேரமே நிற்கும் அந்த சூக்ஷ்மமான துடிப்பைப் பெருக்கிப் பதிவு செய்வதே இம்முறையின் சாரம். 1970களில் அமெரிக்க விமானப்படையினர் சோதித்த இம்முறை, பின்னர் பிரிட்டனில் வளர்ச்சியுற்று, எப்-35 போர் விமானத்தின் யந்திரத்துக்கெனவும் உருவாக்கப்பட்டது.

போர்ஸ்கோப் குழாயை உள்ளே செலுத்திப் பார்ப்பதற்கு யந்திரம் நின்று குளிர வேண்டும். இம்முறையோ சேதம் நிகழும்போதே அதனை அறிவிக்கிறது. இதனினும் மேலான சிறப்பு வேறில்லை என்பது என் அபிப்பிராயம். எனினும், விமானி வேகத்தை மாற்றும்போதும், காற்றில் தூசியும் ஈரமும் மிகும்போதும், புகையின் மின்னேற்றம் தானே மாறுபடுவதால், ஒவ்வொரு யந்திரத்தின் இயல்பையும் பொறுமையாகப் பதிந்து வைத்தாலன்றிப் பொய்யெச்சரிக்கைக்கு இடமுண்டு. இது பற்றியே காற்று உட்புகும் வாயிலிலும் ஓர் உணரியை அமைத்து, வெளியிலிருந்து புகுந்த மணலா, உள்ளிருந்து பெயர்ந்த உலோகமா என்பதை இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டுத் தீர்மானிக்கிறார்கள்.