வெறும் அட்டைக்கு விலை

பொம்மையே இல்லாத பொம்மைப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்குவீர்களா? அமெரிக்காவில் வாங்கினார்கள்.

1977 மே மாதம் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. பொம்மை செய்யும் உரிமை சின்சினாட்டி நகரத்து கென்னர் நிறுவனத்திடம் இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் நெருங்கியும் பொம்மைகள் தயாராகவில்லை. நிறுவனம் என்ன செய்தது? ஓர் அட்டை உறைக்குள் படம் அச்சிட்ட தாங்கி, ஒட்டுப்படங்கள், ஒரு சான்றிதழ் போன்றவற்றை மட்டும் வைத்து விற்றது. சான்றிதழைத் தபாலில் அனுப்பினால், அடுத்த ஆண்டு படத்தின் பாத்திரங்களான லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய நான்கு பொம்மைகள் வீடு தேடி வரும். துணிச்சல்தான்! அந்த வெற்று உறையையே இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

அதைவிட வேடிக்கை, அதே வரிசையில் வந்த ஜாவா என்ற குட்டிப் பொம்மையின் கதை. முதலில் அதற்கு வினைல் அங்கி போட்டார்கள். பார்க்க மலிவாகத் தெரிகிறதே என்று விரைவிலேயே துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள். மலிவு என்று ஒதுக்கிய அந்த வினைல் அங்கிக்குத்தான் இப்போது கொள்ளை விலை. கூடவே போலிகளும் வந்துவிட்டன. அதே படத்தின் ஓபிவான் பாத்திரப் பொம்மையின் பெரிய வினைல் அங்கியைக் கத்தரித்து, ஜாவாவுக்கு மாட்டிவிடுகிறார்கள். அதனால், விவரம் தெரிந்தவர்கள் பொம்மையைப் பார்ப்பதற்கு முன்பு அங்கியின் வெட்டு விளிம்பைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.