மலிவாய் வந்த மடக்கு சைக்கிள்

2020 ஊரடங்கு காலத்தில் உலகம் முழுக்கவே சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஜிம்கள் மூடிக் கிடந்தன, பஸ் ஏறப் பயம், சாலைகளோ வெறிச்சோடியிருந்தன. அப்போது ஆசையாய் வாங்கிய வண்டிகளில் பல இன்று பால்கனி மூலையிலும் மாடிப்படிக்குக் கீழேயும் தூசி படிந்து நிற்கின்றன. அவற்றில் 20 இஞ்ச் சக்கரம் வைத்த மடக்கு சைக்கிளைத் தள்ளிவிட நினைப்பவரிடம் நன்றாகவே பேரம் பேசலாம். ‘சின்னப் பிள்ளை வண்டி’ என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம். ‘ஓட்டினா ஆடுது, மிதிச்சா நகர மாட்டேங்குது’ என்ற அலுப்பு இன்னொரு காரணம்.

இந்த அலுப்பைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், சக்கரத்தின் அளவு செய்த தப்பு குறைவுதான். காற்றிறங்கிய டயர், தாழ்ந்து கிடக்கும் சீட், தளர்ந்துபோன மடிப்பு மூட்டு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் வில்லன்கள். இரண்டு ஸ்பேனர், ஓர் ஆலன் கீ செட், ஒரு நல்ல பம்பு இருந்தால் ஒரே சாயங்காலத்தில் மூன்றையும் வழிக்குக் கொண்டுவரலாம்.

காருக்கு சஸ்பென்ஷன் செய்தவர்

சின்னச் சக்கரத்தைப் பெரியவர்கள் மதிக்கும் வண்டியாக்கியவர் அலெக்ஸ் மோல்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்ற சிற்றூரில் 1848 முதல் ரப்பர் தொழில் நடத்திய குடும்பம் அவருடையது. 1959-இல் வந்த மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் வடிவமைத்தவர் அவர்தான். அந்தக் காரின் சக்கரமும் வெறும் 10 இஞ்ச். சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது அவருடைய கவனம் சைக்கிள் பக்கம் திரும்பியது. ஆணும் பெண்ணும் ஒரே வண்டியை ஓட்ட வேண்டும், சாமானைத் தாழ்வாக வைத்துக் கட்ட இடம் வேண்டும், ஆனால் வேகம் குறையக் கூடாது என்பது கணக்கு. 1962 நவம்பரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் 16 இஞ்ச் சக்கரத்தோடு அந்த வண்டி வந்து நின்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜான் உட்பர்ன் என்ற பந்தய வீரர் அதே வண்டியில் கார்டிஃபிலிருந்து லண்டன் வரை ஓட்டி, அந்தத் தடத்தின் சாதனையை முறியடித்தார்.

மோல்டன் பிடித்தது இரண்டு விஷயம். சின்னச் சக்கரம் லேசாக உருள வேண்டுமானால் டயரில் காற்றழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். அழுத்தம் கூடினால் மேடுபள்ளம் முதுகுக்கு ஏறும், அதை வாங்கிக்கொள்ள ரப்பர் சஸ்பென்ஷன் வேண்டும்.

அவர் வடிவமைப்பை முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ராலே நிறுவனம், மோல்டன் விற்பனை சூடுபிடித்ததும் 1965-இல் ஆர்.எஸ்.டபிள்யூ. 16 என்ற போட்டி வண்டியை இறக்கியது. அதில் சஸ்பென்ஷன் இல்லை. அதற்குப் பதில் அழுத்தம் குறைந்த குண்டு டயரைப் போட்டார்கள். உட்கார மெத்தென்று இருந்தது, மிதிக்கத்தான் கனத்தது. 1967-இல் மோல்டனின் சைக்கிள் தொழிலையே ராலே வாங்கிக்கொண்டது. அதற்கடுத்து வந்த ராலே டுவென்டியில் சக்கரத்தை 20 இஞ்சாக்கி, டயரையும் ஒல்லியாக்கினார்கள். எழுபதுகளில் பிரிட்டன் தெருக்களில் எங்கு திரும்பினாலும் தெரிந்த வண்டி அது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கடை மெக்கானிக்காக இருந்து, சைக்கிள் நுணுக்கங்களை எழுதியே உலகப் புகழ்பெற்ற ஷெல்டன் பிரவுன் (1944–2008), பழைய டுவென்டியை வாங்கிப் புது ரிம், புது பிரேக், புது கியர் போட்டு நெடுந்தூரத்துக்கு ஏற்றதாக மாற்றலாம் என்று செய்து காட்டினார். அதன் பிறகு பரணில் கிடந்த டுவென்டிகளைத் தேடிப் பிடித்துச் சீரமைப்பதே ஒரு பொழுதுபோக்கானது.

இன்று நம் கண்ணில் படும் மடக்கு சைக்கிள்கள் இன்னும் இருவரின் வழியில் வந்தவை. ஆண்ட்ரூ ரிச்சி 1976-இல் லண்டனில் தன் முதல் மாதிரியைச் செய்தார். ஜன்னல் வழியே தெரிந்த பிராம்டன் தேவாலயத்தின் பெயரே வண்டிக்கு வந்தது. கலிஃபோர்னியாவில் லேசர் இயற்பியலாளராக இருந்த டேவிட் ஹான், எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியைப் பார்த்துவிட்டு மடக்கு சைக்கிள் பக்கம் வந்தார். 1982-இல் தொடங்கிய அவருடைய டாஹான் நிறுவனத்தின் வண்டிகளைப் போலவே நடுவில் இரண்டாக மடியும் 20 இஞ்ச் சைக்கிள்தான் இப்போது மலிவு விலைச் சந்தையில் அதிகம்.

காசைக் கொடுப்பதற்கு முன்

மலிவு சைக்கிளில் டயர், பிரேக் கட்டை, சீட், செயின் எதுவானாலும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது பிரேமும் மடிப்பு மூட்டும். பார்வையை அங்கேதான் முதலில் ஓட்ட வேண்டும். மூட்டைச் சுற்றியுள்ள வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் முடியளவு கோடாக விரிந்திருந்தால், அடியில் இரும்போ அலுமினியமோ விரிசல் விட்டிருக்கலாம். அந்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவது நல்லது.

விரிசல் இல்லையென்றால் அடுத்த சோதனை. வண்டியை விரித்துப் பூட்டி, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். மூட்டில் ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் பூட்டு தளர்ந்திருக்கிறது. பூட்டு நெம்புகோலோடு இருக்கும் நட்டைச் சிறிது சிறிதாகத் திருகினால் பெரும்பாலான வண்டிகளில் இது சரியாகும். நெம்புகோலை மூடும்போது உள்ளங்கையால் அழுத்த வேண்டியிருக்க வேண்டும், விரல் நுனியில் மூடிக்கொண்டால் பிடிப்புப் போதாது. ஹேண்டில்பார் கம்பிக்குக் கீழேயும் இதேபோல ஒரு மூட்டு உண்டு. ‘ஆடுது’ என்ற புகார் பல நேரம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

சீட் கம்பியை முழுக்க வெளியே உருவிப் பார்ப்பதும் அவசியம். மழையில் நின்ற வண்டியில் அது துருவேறி உள்ளேயே பிடித்துக்கொண்டிருக்கும். சீட் ஏறாத மடக்கு சைக்கிளை வளர்ந்தவர் ஓட்டுவது கடினம்.

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். 20 இஞ்ச் என்று சொன்னாலும் அதில் இரண்டு ஜாதி. 20 × 1.75 போன்ற குண்டு டயருக்கு ரிம் அளவு 406 மி.மீ., 20 × 1⅜ போன்ற ஒல்லி டயருக்கு 451 மி.மீ. வித்தியாசம் 45 மி.மீ. என்பதால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறவே ஏறாது. 16 இஞ்சிலும் 305, 349 என்று இதே குழப்பம் உண்டு. ‘இருபது இஞ்ச் டயர் ஒண்ணு குடுங்க’ என்று கேட்டு வாங்கி வந்து, மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் பார்க்காதவர்கள்தான்.

காற்றில் தொடங்குங்கள்

வீட்டுக்கு வந்த வண்டிக்கு முதல் மருந்து காற்று. டயரின் ஓரத்தில் எத்தனை பி.எஸ்.ஐ. வரை அடிக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் திருப்திப்படுவது பெரிய சக்கரத்துக்கு ஓரளவு சரிவரும். சின்னச் சக்கரத்தில் அந்தச் சோம்பலுக்குத் தண்டனை உடனே கிடைக்கும், ஆர்.எஸ்.டபிள்யூ. 16-ஐப் போல வண்டி கனக்கும். அளவுமானி வைத்த பம்பு ஒன்று வாங்கி, அச்சிட்ட உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தலாம். உடல் எடையில் அதிகப் பங்கு பின் சக்கரத்தில் இறங்குவதால் முன் டயரில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் கைக்கு அதிர்ச்சி குறையும். மோட்டார் சைக்கிள் வால்வு போன்ற வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். ஆனால் இந்த டியூப் மிகச் சின்னது, கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்து வெடித்துவிடும்.

அடுத்தது சீட். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இந்த உயரத்தில் வைத்தால், சீட்டில் உட்கார்ந்தபடியே பாதத்தை முழுசாகத் தரையில் ஊன்ற முடியாது. அதற்குப் பயந்துதான் பலர் சீட்டைத் தாழ்த்திவிட்டு முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள். வண்டி நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொண்டால் பயம் போய்விடும். ஒரே எச்சரிக்கை, சீட் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது.

மலிவு வண்டிகளில் முதலில் உடைவது பிளாஸ்டிக் பெடல். மாற்றும்போது நினைவில் வைக்க வேண்டியது, இடது பெடலின் மரை தலைகீழ். இரண்டு பெடலுமே வண்டியின் முன்பக்கமாகத் திருகினால் இறுகும், பின்பக்கமாகத் திருகினால் கழலும். இது தெரியாமல் பலத்தைக் காட்டி மரையை அழித்த கிராங்குகள் எல்லாச் சைக்கிள் கடை மூலையிலும் கிடக்கும்.

பிரேக் கட்டை ரிம்மில் முழுசாகப் படிய வேண்டும். டயரைத் தொட்டால் டயர் அறுந்துவிடும். ரிம் இரும்பானால் மழையில் பிரேக் பிடிப்பு வெகுவாகக் குறையும், அலுமினிய ரிம்மில் அந்தத் தொல்லை குறைவு. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ரிம் இடதும் வலதுமாக நெளிகிறதா என்று தெரியும். ஸ்போக் கீ வைத்துப் பெண்டு எடுப்பது பழகிய கைக்குரிய வேலை, அதைத் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் விட்டுவிடலாம். செயினை மண்ணெண்ணெயில் துடைத்து, காய்ந்ததும் சைக்கிளுக்கான எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டால் போதும். தேங்காய் எண்ணெயும் பைக்கிலிருந்து எடுத்த கழிவு ஆயிலும் தூசியைச் சேர்த்துச் செயினைத் தின்னும்.

எத்தனை மிதி, எத்தனை மீட்டர்?

சின்னச் சக்கரம் என்றால் அதிகமாக மிதிக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. பழைய 28 இஞ்ச் சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். 20 × 1.75 சக்கரம் போவது சுமார் 1.5 மீட்டர். ஆனால் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பற்சக்கரங்கள் இருக்கின்றன. பெரிய வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு மிதிக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். சின்ன வண்டியில் முன்னால் 50, பின்னால் 14 என்று போட்டால் அதே 5.4 மீட்டர் கிடைத்துவிடும். நல்ல மடக்கு சைக்கிள்களில் முன் பற்சக்கரம் தட்டு மாதிரி பெரிதாக இருப்பது இதற்குத்தான். மலிவு வண்டி வாங்குகிறவர் பற்களை ஒருமுறை எண்ணிவிடலாம். முன்னால் முப்பத்துச் சொச்சம் பல்தான் இருக்கிறதென்றால், கால் பறக்கும், வண்டி நகராது. பெரிய பற்சக்கரம் போடும்போது செயினின் நீளத்தையும் கூட்ட வேண்டியிருக்கும்.

வேகத்துக்குச் சக்கரம் தடையில்லை என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1986-இல் கனடாவின் வான்கூவரில் காற்றைக் கிழிக்கும் கூடு பொருத்திய மோல்டன் சைக்கிளில் ஜிம் குளோவர் மணிக்கு 82 கிலோமீட்டரைத் தாண்டினார்.

ஓட்டும் சுகம்

புதிதாக ஏறுபவருக்கு முதலில் கைப்பிடி துறுதுறுவென்று திரும்புவது போலத் தோன்றும். சக்கரம் லேசு, அதைச் சுழற்றவும் திருப்பவும் பலம் அதிகம் வேண்டாம் என்பதே காரணம். காலியான மைதானத்தில் எட்டுப் போட்டுப் பழகினால் கை தானாக இளகிவிடும். அதே லேசுதான் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டியைச் சட்டென்று கிளப்புகிறது, சந்துபொந்தில் வளைந்து போகவும் கைகொடுக்கிறது.

பள்ளத்தில்தான் கவனம் வேண்டும். 5 செ.மீ. உயர விளிம்பை 70 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் சந்திக்கும் இடம் செங்குத்திலிருந்து 31 பாகை விலகியிருக்கும், 50 செ.மீ. சக்கரத்தில் அது 37 பாகை. முட்டல் அந்த அளவுக்கு முரட்டுத்தனமாகும். வேகத்தடை வந்தால் பெடல்களைச் சமமாக வைத்து, சீட்டிலிருந்து சற்று எழும்பி, முழங்கால்களை மடக்கிக் கடக்க வேண்டும். ஒரு கையை விட்டுவிட்டு போன் பார்ப்பது எந்தச் சைக்கிளிலும் ஆபத்து, இதில் கூடுதல் ஆபத்து.

குறுக்குக் கம்பி இல்லாத தாழ்வான பிரேம் என்பதால் சேலையோடும் வேட்டியோடும் சுலபமாக ஏறலாம். சீட்டையும் பல வண்டிகளில் ஹேண்டிலையும் நொடியில் ஏற்றி இறக்கலாம் என்பதால், காலையில் அப்பா பால் வாங்கி வந்த வண்டியை மாலையில் மகள் டியூஷனுக்கு எடுத்துப் போகலாம். இரவில் மடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்தால் அடுக்குமாடி வாட்ச்மேனிடம் இடத்துக்காக மல்லுக்கு நிற்க வேண்டாம்.

பயணத்தோடு சேர்த்தால்தான் மடிப்பின் முழுப் பயன் தெரியும். சிங்கப்பூரில் மடக்கு சைக்கிளை ரயிலிலும் பஸ்ஸிலும் நாள் முழுக்கக் கொண்டுபோகும் வசதி 2016 டிசம்பரில் சோதனையாகத் தொடங்கிப் பிறகு நிரந்தரமானது. மடித்த வண்டி 120 × 70 × 40 செ.மீ. அளவுக்குள் இருக்க வேண்டும். அங்கே வேலைக்குப் போகும் தமிழர்கள் யாராவது பழைய வண்டி வாங்கப் போனால், அளவு நாடா ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

ஒரு மாதம் ஓட்டிய பிறகு மடிப்பு நட்டு, பெடல், கிராங்க் போல்ட், ஹேண்டில் கம்பி எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்கிப் பார்க்க வேண்டும். புதுக் கேபிள் போட்டிருந்தால் அதற்குள் கொஞ்சம் இளகியிருக்கும், அதையும் இழுத்துக் கட்டலாம். அதன் பிறகும் செலவு செய்ய மனசிருந்தால் முதல் காசு நல்ல டயருக்கு, அடுத்தது பிரேக் கட்டைக்கு, மூன்றாவது சீட்டுக்கு. மணி, முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இந்தக் கணக்கில் சேராது. அவை வண்டியை வாங்கிய அன்றே இருக்க வேண்டியவை.