ஈட்டியும் காவலும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வின்னிபேகோ ஏரி உறைந்து கிடக்கும் பிப்ரவரியில், பனிக்கட்டியை அறுத்துத் துளை போட்டு, மேலே இருட்டான குடில் அமைத்து, மணிக்கணக்காக நீரையே பார்த்தபடி மக்கள் ஈட்டியுடன் காத்திருப்பார்கள். ஸ்டர்ஜன் என்ற பெருமீனுக்கான காத்திருப்பு அது. பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றுகூடச் சிக்காது. 2010இல் பிடிபட்ட மீன் ஒன்று 212 பவுண்டு, அதாவது சுமார் 96 கிலோ. இந்த வேட்டையே அந்த மீனைக் காக்கிறது என்பது என் வாதம்.

பெண் ஸ்டர்ஜன் முட்டையிடும் பருவத்தை எட்டவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் முட்டையிடும். அப்படிப்பட்ட மீனைக் குத்திக் கொல்வதா என்று கேட்பது நியாயமே. ஆனால் இங்கே வரம்பு கறாரானது: ஓர் உரிமத்துக்கு ஒரே மீன், பிடித்த மீனை அன்றே பதிவு செய்தாக வேண்டும். பெண் மீன்களுக்குத் தனி உச்சவரம்பு உண்டு. எண்ணிக்கை அதை நெருங்கினால், பதினாறு நாள் பருவம் பாதியிலேயே முடிக்கப்படும். வேட்டையைத் தடை செய்துவிட்டே காக்கலாமே என்பார்கள். தடை இருந்தாலும் திருட்டு வேட்டையைத் தடுக்க ஆள் வேண்டுமே! 1977இல் ஈட்டிக்காரர்கள் தொடங்கிய 'ஸ்டர்ஜன் ஃபார் டுமாரோ' அமைப்பு ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகிறது. வசந்தத்தில் மீன்கள் முட்டையிட உல்ஃப் ஆற்றங்கரைக்கு வரும்போது, தொண்டர்கள் முறைவைத்துக் காவல் நிற்கிறார்கள்.